பார்த்தினோஜெனிசிஸ் என்றால் என்ன? அந்தச் சொல் எப்படி வந்தது?

கிரேக்கத்தில் பார்த்தெனோஸ் என்றால் கன்னி, கெனெசிஸ் என்றால் பிறப்பு. நம் பாடநூல்களில் 'கன்னி இனப்பெருக்கம்'. (வயலில் மண்டும் பார்த்தீனியத்தின் பெயருக்கும் அதே வேர்தான்.) சினைமுட்டை விந்தணுவோடு சேராமலே கருவாக வளர்வதை இது குறிக்கும்.

ஆனால் 1849இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆங்கில உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் வேறொன்றை நினைத்திருந்தார்: ஒருமுறை கருவுற்றபோது கிடைத்த ஆற்றல் சில செல்களில் மிச்சமிருந்து, அடுத்தடுத்த தலைமுறைகளை உருவாக்குகிறது என்று. ஜெர்மனியின் விலங்கியலாளர் ஸீபோல்ட் 1856இல் தேனீ, அந்துப்பூச்சி ஆய்வுகளைக் கொண்டு 'உண்மையான' கன்னி இனப்பெருக்கத்தைப் பிரித்துக் காட்டிய பிறகே இன்றைய பொருள் நிலைத்தது. நிகழ்வு அதற்கும் முன்பே தெரிந்ததுதான். ஜெனிவாவில் இயற்கையியலாளர் சார்ல் போனே 1740இல் ஒரு அசுவினியைப் (செடிச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) பிறந்ததிலிருந்து தனியே அடைத்து வைத்தார். ஆணையே பார்க்காத அது 95 குட்டி போட்டது.

மொட்டுவிடுதலோடு (உடலிலிருந்தே மொட்டுபோல் கிளைத்துப் புது உயிர் வளர்வது) இதைச் சேர்த்துப் படிப்பவர்கள் குழம்புவார்கள். இங்கே வளர்வது உடல் செல் இல்லை, முட்டை. பிறப்பதெல்லாம் பெண் என்பதும் தவறு. அசுவினியில் பெரும்பாலும் பெண். கொமோடோ டிராகன் என்ற பெரிய பல்லியினத்தில் ஆண். பாலூட்டிகளில் சில மரபணுக்கள் தந்தைவழிப் பிரதியில் மட்டுமே இயங்குவதால் இயற்கையில் இது நடப்பதில்லை.

நேரில் பார்க்கத் தேனீப் பெட்டியே போதும். ராணி முட்டையிடும்போது சேமித்த விந்தணு சேர்ந்தால் 32 குரோமோசோம், பெண். சேராவிட்டால் 16, ஆண். ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு!

ராணி செத்து, புது ராணியும் உருவாகாமல் போனால் இணைசேராத வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை இருக்கும்; வயிறு குட்டையானதால் அடியில் எட்டாமல் பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும். வேலைக்காரத் தேனீ அறைகளிலேயே ஆண் புழுக்கள் வளர்வதால் அறையின் மூடி புடைத்திருக்கும். நம் இந்தியத் தேனீயில் அந்த மூடியின் நடுவே ஊசித்துளை தெரியும். புது வேலைக்காரத் தேனீ பிறக்காததால் கூட்டம் சில வாரங்களில் கரையும். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள தேனடைச் சட்டத்தை உடனே எடுத்து வையுங்கள். முதல் சட்டத்திலேயே ராணி அறை (புது ராணியை வளர்க்கும் அறை) கட்டாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பார்க்கலாம். கூட்டம் மிகவும் சுருங்கிவிட்டால் வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுவதே மேல்.