முகாமில் சிங்கம், வீட்டில் மௌனம்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கோடை விடுமுறையில் தலைமைப் பண்பு முகாமுக்குப் போய்வந்தாள். கொஞ்ச நாள் ஒரே வீராவேசம். இப்போது பழையபடி நாலு பேர் முன்னால் வாய் திறப்பதில்லை. கட்டிய பணம் வீண்தானா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: வீண் இல்லை அம்மா, பாதியில் நிற்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா விளக்கினார். ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் அவர் முதலிடம் தந்தார். நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பதும் உதவும். பிறர் ஊட்டும் உற்சாகமோ சீக்கிரம் கரைந்துவிடும். பல முகாம்கள் அள்ளி வழங்குவது இந்தச் சரக்கைத்தான். கூடவே பளபளக்கும் சான்றிதழ் ஒன்று.

எங்கள் வியாசர்பாடியில் கால்பந்து பழகும் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொடிசுகளை வரிசையில் நிறுத்துவதற்குள் தொண்டை வற்றிவிடும். கூச்சப்பட நேரமேது?

உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு பொறுப்பு வேண்டும். தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது குடங்களின் வரிசையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். சண்டை வந்தால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். லாரி வராத நாளில் குடிநீர் வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்பதும் அவள் வேலையாகவே இருக்கட்டும்.