எழவு வீட்டில் எதற்கு விசாரணை?

வணக்கம்ங்க. திருப்பூரில் சின்னதாகப் பவர்டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். வயது 41. தை மாதம் என் கூட்டாளி, என் வயசுக்காரன், டீக்கடையில் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். மாரடைப்பு. அதிலிருந்து அவிநாசி, காங்கேயம் பக்கம் யார் இறந்தாலும், தூரத்துச் சொந்தமாக இருந்தாலும், போன் போட்டுக் கேட்பேன்: முந்தின நாள் என்ன சாப்பிட்டார், எந்தக் கை வலித்தது, வேர்த்ததா? கேட்டு முடிப்பதற்குள் எனக்கும் இடது கை கனக்கும். அப்புறம் யூடியூப். கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் சட்டைப் பையிலேயே கிடக்கிறது, ராத்திரி டெலிவரி வேலைக்கு நடுவிலும் விரலை மாட்டிப் பார்ப்பேன். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல். போன வாரம் எழவு வீட்டில், அழுதுகொண்டிருந்தவரிடமே, "ஏனுங்கக்கா, முன்னாடியே நெஞ்சு கரிச்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன செய்யட்டும்ங்க?

— திருப்பூர் வாசகர்

வணக்கம்ங்க.

அந்த அக்கா என்ன பதில் சொல்லியிருந்தாலும் உங்களுக்குப் பத்தியிருக்காது. 'எனக்கு அப்படி ஆகாது' என்று யாராவது உறுதி தர வேண்டும், அதற்குத்தான் இத்தனை விசாரிப்பும். அந்த உறுதியை எந்த டாக்டராலும் தர முடியாது. எக்கோ நார்மல் என்றதும் ரெண்டு நாள் தூங்கியிருப்பீர்கள், அப்புறம் 'ட்ரெட்மில் பார்க்கலையே' என்று தோன்றியிருக்கும், சரிதானே?

பயந்துகொண்டே விரலை மாட்டினால் அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பு ஏறத்தான் செய்யும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். நீங்கள் 96-ஐப் பார்த்துப் பதறுவீர்கள், அது 110 ஆகும், அதைப் பார்த்து இன்னும் பதறுவீர்கள். தோளும் கையும் இறுகிக் கனப்பதும் இந்தப் பதற்றத்தில் வரக்கூடியதுதான். இத்தனைக்கும் ஆக்சிமீட்டர் மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற கருவியே கிடையாது! பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சம்சாரத்திடம் கொடுங்கள்.

பிபி, சுகர், கொலஸ்ட்ரால் எப்போது பார்க்க வேண்டும் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், அதற்கு மேல் நீங்களாக டெஸ்ட் எடுக்க வேண்டாம். நெஞ்சை அழுத்திப் பிடிக்கிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சுத் திணறலோடு வேர்த்துக் கொட்டுவது என்று நிஜமாகவே வந்தால் 108, யூடியூப் அல்ல.

மற்ற நேரத்தில் கேள்வி முளைத்தால் அதை ஒரு நோட்டில் எழுதி, சாயங்காலம் ஆறரைக்கு என்று தள்ளிப் போடுங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட்டுவிட்டு நோட்டை மூடிவிட வேண்டும். சாவு செய்தி வந்தால் போங்கள், மாலை போடுங்கள், எப்படி ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். ஆரம்பத்தில் கேட்டே ஆக வேண்டும் என்று மனசு கிடந்து துடிக்கும், கேட்காமல் விட்டாலும் அந்தத் துடிப்பு தானாக இறங்குவதை நீங்களே பார்க்கலாம். இறங்கவில்லை, தொழிலும் தூக்கமும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்லீங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள் அம்மிணி, அதுவும் இன்னொரு ஈசிஜி மாதிரிதான். "இதை ஆறரைக்குப் பேசிக்கலாம்ங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.