பட்டினத்தார் கையில் ஏன் கரும்பு?

கேள்வி: பட்டினத்தார் படத்தில் கரும்பு வருவது ஏன்? குருபூஜை எப்போது?

பதில்: அது பேய்க்கரும்பு, கசக்கும். எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது ஐதீகம். ஊர் ஊராகச் சுமந்தவருக்குத் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இனித்ததாம். சிறுவர்கள் அவரைச் சாலால் (பெரிய பானையால்) மூடி விளையாடினார்கள். திறந்தபோது உள்ளே லிங்கம்! சமாதியில் இன்றும் லிங்கத்துக்கே பூஜை.

குருபூஜை ஆடி உத்திராடத்தில். நட்சத்திரக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுதோறும் மாறும். பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புங்கள். பலர் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலுக்குள் சமாதியைத் தேடி அலைகிறார்கள். அது தனிக்கோயில், கிழக்கே கடலோரம்.

ஒன்று முக்கியம்: சைவப் பாடல் தொகுப்பான திருமுறைகளில் 11ஆவதில் 5 நூல்கள் பாடியவர் 10ஆம் நூற்றாண்டினர். நாம் முணுமுணுக்கும் எளிய பாடல்கள் பிற்காலத்துப் பட்டினத்தாருடையவை என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. கதைகளில் இருவரும் கலந்துவிட்டார்கள்.