ஆழ்கடல் கொடுக்குச் சிங்கி இறாலை எப்படி இனம் காண்கிறார்கள்?

உக்கடம் மீன் சந்தைக்கு வரும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. ஆழ்கடலில் கொடுக்கு உள்ளவை வாழ்கின்றன. அவற்றின் முதல் மூன்று இணைக் கால்களின் நுனியும் இடுக்கிபோல் பிளந்திருக்கும். முதல் இணை மட்டும் நன்றாகப் பெருத்திருக்கும். இதுதான் கொடுக்குச் சிங்கி இறால் குடும்பத்தின் முதல் அடையாளம்.

அதற்குள் எந்த இனம் என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிடித்ததைக் கெடாமல் காக்கச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) போட்டு வைத்ததும் சிவப்பு வெளுத்துவிடும். காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து ஆறாவது மாதவாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆகவே மாறாத உறுப்புகளைப் பார்க்கிறார்கள்: நெற்றியிலிருந்து நீளும் கூர்முள்ளின் பக்கவாட்டில் எத்தனை பற்கள், ஓட்டில் பள்ளங்கள் எங்கே ஓடுகின்றன, வால் பகுதியின் ஓரங்கள் எப்படிக் கூர்ந்திருக்கின்றன என்று உருப்பெருக்கியின் கீழ் அளந்து, வரைந்து, ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் இந்த அக்கறை இல்லாவிட்டால் பெயருக்கே மதிப்பில்லை.

அந்தமான் கடலில் கிடைத்து 1872இல் விலங்கியலாளர் வுட்-மேசன் விவரித்த நெப்ராப்சிஸ் ஸ்டூவர்ட்டி என்ற கொடுக்குச் சிங்கி இறால் இனம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் கண்கள் மிகச் சிறியவை, கருமை அற்றவை. விவரிப்புக்கு ஆதாரமான மாதிரி உடலை அருங்காட்சியகத்தில் பாதுகாப்பது வழக்கம். பின்னால் வருபவர்கள் ஐயம் எழுந்தால் அதையே எடுத்துப் பார்க்கலாம்.

‘புதிய இனம்’ என்று செய்தி வந்தால் அந்த உயிர் அண்மையில் தோன்றியது என்று பலர் நினைக்கிறார்கள்; அது நெடுங்காலமாகக் கடலில் இருந்ததுதான், முறையான விவரிப்பும் பெயரும் மட்டுமே புதியவை.