நான்கு கல்லூரிகள் மறுத்துவிட்டன, அக்கா! (நர்சிங் படிப்பு: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, நான் சைக்காலஜியில் பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பார்த்த ஆபீஸ் வேலை எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. நர்ஸ் ஆவது என்று முடிவு செய்து, இந்த முறை அமெரிக்காவில் ஐந்து அக்செலரேட்டட் பிஎஸ்என் படிப்புகளுக்கு (வேறு பட்டம் இருப்பவர்கள் குறுகிய காலத்தில் முடிக்கும் நர்சிங் பட்டம்) விண்ணப்பித்தேன். நான்கில் மறுத்துவிட்டார்கள், ஒன்றில் வெயிட்லிஸ்ட். மொத்த ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.1. கல்லூரியில் மூன்றாம் வருடம் எடுத்த அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பகுதியிலும் சி கிரேடு. மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டிலும் பி, ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஏ. டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வில் 71. கடைசி மெயிலைத் திறந்த நாளிலிருந்து எதிலும் மனம் நிற்கவில்லை. நான் இதற்கு லாயக்கில்லையா? மறுபடி போடலாமா, விட்டுவிடலாமா?

பதில்: லாயக்கா இல்லையா என்பதை அந்த நான்கு மெயிலும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட உங்கள் கிரேடுகளை ஒன்றுவிடாமல், நல்லதோ கெட்டதோ, வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த நேர்மை வார்டில் நிற்கிறவர்களுக்கு ரொம்பத் தேவையானது.

எனக்கும் முதல் வருடம் எல்லா இடத்திலும் மறுப்புதான் வந்தது. அதில் ஒரு கல்லூரியின் மெயில் இரண்டே வரி. அதை நான் எத்தனை தடவை திறந்து படித்தேன் என்று கணக்கில்லை, ஏதோ மூன்றாவது வரி ஒன்று ஒளிந்திருக்கிற மாதிரி. அதனால் சொல்கிறேன், ஒரு இரண்டு வாரம் இதைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அழவேண்டும் என்றால் அழுங்கள், புலம்பவேண்டும் என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் புலம்புங்கள், மற்றவர்கள் தங்களுக்கு இடம் கிடைத்ததாகப் போடும் படங்களைப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். இது நிஜமான இழப்பு. ஒரு வருடத் திட்டம் கைநழுவிப் போயிருக்கிறது, துக்கம் வரத்தான் செய்யும்.

இடப் பற்றாக்குறை எவ்வளவு என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். 2021ல் நான்கு வருடப் பட்டம், அதற்கு மேற்பட்ட படிப்புகள் எல்லாம் சேர்த்து, தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் கணக்குச் சொன்னது. 2023ல் அது 65,766. ஒருவரே நாலைந்து இடத்தில் போடுவதால் இத்தனை பேர் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் தகுதி இருந்தும் இடம் இல்லை என்பதுதான் இதன் பொருள். நர்ஸ் பற்றாக்குறை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே ஏன் மறுக்கிறார்கள் என்றால், பாடம் எடுக்க ஆள் இல்லை. மேல்படிப்பு முடித்த நர்ஸ் ஒருவருக்குக் கல்லூரியில் கிடைப்பதைவிட மருத்துவமனையில் சம்பளம் அதிகம், யார் வருவார்கள்? அப்புறம் மாணவர்களை அனுப்பும் வார்டுகளிலும் இடம் குறைவு, ஒரு ஆசிரியரின் பொறுப்பில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் பல இடங்களில் விடமாட்டார்கள். அதிலும் உங்கள் படிப்பு 11லிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிப்பது. மாணவர் ஒருவர் நடுவில் தடுமாறினால் பிடித்துத் தூக்க அவகாசம் இல்லை. அதனால் தேர்வுக்குழு விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது, இவர் இந்த வேகத்தில் அறிவியலைத் தாங்குவாரா என்பதைத்தான்.

உங்கள் விண்ணப்பம் சறுக்கியதும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 3.1ஐப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள், எனக்குக் கவலை அந்த இரண்டு சி கிரேடுகள். அதோடு அவை ஏழு வருடம் பழையவை. பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் எடுத்திருந்தால்தான் ஏற்கும். நான்கில் ஒன்றிரண்டு இடத்தில் இந்தக் காரணத்துக்காகவே ஆரம்பத்திலேயே தள்ளிவைத்திருக்கவும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பட்டம் 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம் (கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை; ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2). கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) அந்த இரண்டு பாடத்தையும் லேபோடு திரும்ப எடுத்து இரண்டிலும் ஏ வாங்கினால், மொத்த ஜிபிஏ 3.1லிருந்து 3.16க்குத்தான் நகரும். இவ்வளவுதானா என்று சோர்ந்துவிடாதீர்கள். ப்ரீரெக்விசிட் பாடங்களை, அதாவது நர்சிங்கில் சேரும் முன் முடித்திருக்க வேண்டியவற்றை, மட்டும் தனியாகப் பாருங்கள். இப்போது நீங்கள் சொன்ன ஐந்து பாடங்களில் (அறிவியல் பாடத்துக்கு நான்கு கிரெடிட், ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு மூன்று) சராசரி 2.74. புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொள்ளும் கல்லூரியில் அது 3.58 ஆகிவிடும். பழையது, புதியது இரண்டையும் சேர்த்துச் சராசரி போடும் கல்லூரியில் 3.11. பார்த்தீர்களா, நீங்கள் வாங்கும் அதே இரண்டு ஏ, ஒரு கல்லூரியில் உங்களை மேலே ஏற்றிவிடும், இன்னொன்றில் கொஞ்சம்தான் நகர்த்தும். சில கல்லூரிகள் கடைசி 60 கிரெடிட்டை மட்டும் பார்க்கும். ஆகவே அடுத்த முறை எங்கே போடுவது என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், திரும்ப எடுத்த பாடத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் கேட்டு, அதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு பாடத்தை எத்தனை தடவை எடுக்கலாம் என்பதற்கும் சில இடங்களில் வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

இந்தப் பாடங்களைத் திரும்பப் படிப்பதில் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். டீஸ் தேர்வில் மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம், அதில் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது 150. அறிவியல் பகுதியில் மதிப்பெண்ணுக்கு வரும் 44 கேள்விகளில் 18 அனாட்டமி-பிசியாலஜிதான். அந்தப் பாடம் மனதில் புதிதாக இருக்கும்போதே, செமஸ்டர் முடிந்த கையோடு தேர்வை எழுதுங்கள். 71 மோசமில்லை, ஆனால் போட்டி இருக்கிற இடத்தில் 80களில் இருப்பவர்களோடுதான் உங்களை வைத்துப் பார்ப்பார்கள். சில கல்லூரிகளுக்கு டீஸ் வேண்டாம், ஹெசி என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு வேண்டும், சிலவற்றுக்கு இரண்டுமே தேவையில்லை.

அப்புறம் கட்டுரை. நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. நான் முதல் தடவை எழுதியது முழுக்க "மக்களுக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை" வகைதான், அதைப் படித்த யாருக்கும் நான் ஒரு நர்ஸ் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன் என்று தோன்றியிருக்காது, ஏனென்றால் நான் பார்த்ததே இல்லை. அடுத்த வருடம் நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி எடுத்து (மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், பல மாநிலங்களில் இன்னும் அதிகம்) ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு ஷிஃப்ட் வேலை பார்த்தேன். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும்போது அந்த ஷிஃப்ட் நர்ஸ் டார்ச் அடித்து அவர் குதிகாலைப் பார்ப்பார். ஏன் குதிகால் என்று கேட்டேன், புண் முதலில் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்றார். இதைத்தான் அடுத்த கட்டுரையில் எழுதினேன். உங்களிடமும் இப்படி ஒன்று வேண்டும். வேலை செய்து பார்த்தபிறகு இது வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

மறுத்த நான்கு இடங்களுக்கும் மரியாதையாக ஒரு மெயில் அனுப்பி, அடுத்த முறைக்கு எதைச் சரிசெய்யலாம் என்று கேளுங்கள். இரண்டு பேர் பதிலே போடமாட்டார்கள், யாராவது ஒருவர் பத்து நிமிடம் ஃபோனில் பேசினாலும் போதும். அப்படி ஒரு பத்து நிமிடம்தான் எனக்கு வழி காட்டியது. வெயிட்லிஸ்ட் போட்ட கல்லூரிக்கு ஒரே ஒரு கடிதம்: இன்னும் வர விரும்புகிறேன், இந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். வாரா வாரம் கேட்டு நச்சரிக்க வேண்டாம். ஆனால் கூப்பிட்டால் கிளம்பத் தயாராக இருங்கள், வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூட அழைப்பு வரலாம். தடுப்பூசிச் சான்றுகளை இப்போதே பார்த்து வையுங்கள், ஹெப்படைடிஸ் பி மூன்று டோஸ் முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட ஏடிஎன் என்ற நர்சிங் படிப்பை ஏன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை? அதைப் படித்தவரும் பிஎஸ்என் படித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற அதே லைசென்ஸ் தேர்வு, கிடைப்பது அதே ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். பெரிய மருத்துவமனைகள் பல பிஎஸ்என் கேட்கின்றன என்பது உண்மை. நியூயார்க்கில் 2017ல் வந்த சட்டப்படி, புதிதாக வரும் ஆர்என்கள் பத்து வருடத்துக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் அதை முடிக்கலாம், உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதால் பொதுப் பாடங்கள் பெரும்பாலும் கழிந்துவிடும். அக்செலரேட்டடில் இடம் பிடிக்க இரண்டு மூன்று வருடம் காத்திருப்பவர் ஏடிஎன்னையே முடித்திருக்கலாம். மறுபடி போடுங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் அதே காகிதங்களோடு வேண்டாம், அக்செலரேட்டட் ஒன்றை மட்டும் நம்பியும் வேண்டாம்.

கேள்வி: சகோதரி, என் மகளுக்கு 26 வயது. இருந்த வேலையை விட்டுவிட்டு நர்சிங்குக்கு விண்ணப்பித்தாள், எல்லா இடத்திலும் இல்லை என்று வந்துவிட்டது. ஒரு மாதமாக அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. நான் ஏதாவது சொன்னால் கோபப்படுகிறாள். உறவினர்கள் வேறு "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, உறவினர்களுக்குச் சொல்லவேண்டியதை முதலில் முடித்துவிடலாம்: "இந்த வருடம் கிடைக்கவில்லை, அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நீங்கள் சொல்லிவிட்டால் அவள் சொல்லவேண்டிய சங்கடம் குறையும், நீங்கள் தன் பக்கம் நிற்கிறீர்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளிடம் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றோ, "பழைய வேலைக்கே போயேன்" என்றோ இப்போது சொல்லாதீர்கள். இரண்டையும் நீங்கள் அன்பால்தான் சொல்வீர்கள், அவள் காதில் விழுவது வேறாக இருக்கும். தீர்வு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து நடக்கப் போகலாமா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி கேளுங்கள்.

ஆனால் ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தூக்கம், சாப்பாடு, குளிப்பது, நண்பர்களோடு பேசுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி அவள் ஏதாவது சொன்னால், நேரடியாகக் கேளுங்கள், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம். அவளுக்காக நீங்களே கூப்பிட்டுப் பேசலாம்.

கேள்வி: மூன்று இடத்தில் எனக்கு மறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் ஃபோன் வருகிறது, வெயிட்லிஸ்ட் கிடையாது, டீஸ் வேண்டாம், இந்த வாரமே டெபாசிட் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். சேரலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். மறுப்பு வந்த கையோடு ஒருவர் "வாருங்கள்" என்று கூப்பிட்டால் மனம் எப்படி இளகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். நல்ல தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் அவசரப்படுத்துவது நல்ல அறிகுறி அல்ல.

லைசென்ஸ் கொடுக்கும் உங்கள் மாநில நர்சிங் போர்டின் தளத்தில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், ஃபோனில் சொல்வதை நம்பவேண்டாம். அடுத்து, சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் போன்ற நர்சிங் அங்கீகார அமைப்பு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிறகு மேல்படிப்புக்கும் சில வேலைகளுக்கும் கதவு மூடிக்கொள்ளும். மூன்றாவது, முதல் முயற்சியிலேயே என்க்ளெக்ஸ் தேறியவர்கள் எத்தனை சதவீதம்? 2024ல் அமெரிக்காவில் படித்தவர்களுக்கு இது ஏறத்தாழ 91. அந்தக் கல்லூரி பல வருடமாக இதைவிட மிகக் கீழே இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் தேறமாட்டார் என்று தோன்றுகிறவரைத் தேர்வுக்கு முன்பே வெளியேற்றிவிட்டு சதவீதத்தை உயர்த்திக் காட்டவும் முடியும். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்கள் விற்ற கூட்டத்தைப் பிடித்தார்கள், நினைவிருக்கலாம். பணம் கொடுத்துக் காகிதம் வாங்கியவர்கள் கதை அது, உங்களுடையது அப்படியல்ல. ஆனால் போர்டுகள் அதற்கப்புறம் கல்லூரியின் பெயரை இன்னும் கவனமாகப் பார்க்கின்றன.

பண விஷயமும் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவருக்கு பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை கிடைக்காது. இளங்கலைக்கான மத்திய அரசுக் கடனில், பெற்றோரைச் சாராத மாணவருக்கு வாழ்நாள் மொத்த வரம்பு 57,500 டாலர், முதல் பட்டத்துக்கு வாங்கியதும் அதில் சேரும். மீதி தனியார் கடன்தான், வட்டியைப் பார்த்துவிட்டு யோசியுங்கள். நீங்கள் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால், நர்ஸ் கார்ப்ஸ் உதவித்தொகையைப் பாருங்கள், படித்து முடித்ததும் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்க்கவேண்டும் என்பது நிபந்தனை.

இன்னொன்று, கிளினிக்கல் (வார்டில் செய்யும் பயிற்சி) எந்த மருத்துவமனையில், ஒப்பந்தம் இருக்கிறதா என்று மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.