பதில்: எதை யோசித்தாலும் ஏற்கெனவே பார்த்த கதையாகவே வருகிறது

வணக்கம். இரண்டு நடிகர்கள், ஒரே அறை, பத்து நிமிடம் என்று ஒரு குறும்படத்துக்குக் கதை தேடுகிறீர்கள். ஆனால் யோசிப்பதெல்லாம் ‘அத்தனையும் கனவு’ என்றோ தற்கொலை என்றோ முடிகிறது என எழுதியிருந்தீர்கள். முடிவிலிருந்து யோசிப்பதுதான் சிக்கல். திருப்பத்தைத் தேடினால், பிறர் படத்தில் பார்த்த திருப்பம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ஒன்றை விரும்புகிறவரே அதற்குக் குறுக்கே நிற்கும் நிலைமையைப் பிடியுங்கள். ஒரு பெண் தன் பழைய தையல் இயந்திரத்தை விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் துணியை வைத்து ஓட்டிப் பார்க்கிறார், நன்றாகவே ஓடுகிறது. அவளோ, “நூல் அடிக்கடி அறுந்துவிடும்”, “பெல்ட் நழுவும்” என்று குறைகளை அடுக்குகிறாள். பணம் அவசரமாகத் தேவை, கொடுக்கவும் மனமில்லை. குறை இருக்கிறதே என்று அவர் விலையைக் குறைத்துக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிடுகிறது! இதில் எந்த ரகசியமும் உடைய வேண்டியதில்லை. இயந்திரம் வாசலைத் தாண்டுகிறதா என்பது போதும்.

இத்தகைய கதைக்கருக்கள், எங்காவது வரிசையில் நிற்கும்போது காதில் விழும் பாதிப் பேச்சில் நிறையக் கிடைக்கும். குறித்துவையுங்கள், மீதியை விசாரிக்காமல் நீங்களே நிரப்புங்கள்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். பத்துப் பக்கத்தில் ஒரு வாழ்க்கை அடங்காது, ஒரு பிற்பகல் அடங்கும். தற்கொலை முடிவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் துயரத்துக்கு நியாயம் செய்ய இவ்வளவு நேரம் போதாது.

உங்கள் நடிகர்கள் இருவரின் வயது என்ன, இயல்பாக என்ன வேலை செய்யத் தெரியும்? எழுதுங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.