மனநலம், உங்கள் கேள்விகள்: அம்மாவின் மாத்திரையும் மருந்துக் கம்பெனியும்

(அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் பதிலளிக்கிறார். தூக்க மாத்திரை பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, மருந்துக் கம்பெனி கொடுக்கும் பேனாவும் மதியச் சாப்பாடும்கூட டாக்டர் எழுதும் சீட்டை மாற்றிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களிலிருந்து சில.)

அப்பா இறந்தபோது தூக்கம் வராமல் தவித்த அம்மாவுக்கு (வயது 68) எங்கள் குடும்ப டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எஸ்சிடலோபிராம், குளோனாசிபாம் இரண்டும் சேர்ந்தது. ஐந்து வருடங்களாக அதே சீட்டில்தான் வாங்குகிறோம். போன வாரம் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தபோது, டை கட்டிக்கொண்டு கனமான பையோடு நான்கு பேர் எங்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்தார்கள். இவர்களுக்காகத்தான் அம்மா மாத்திரை சாப்பிடுகிறாரா? இன்றோடு நிறுத்திவிடலாமா?
ஒரு மகள், திண்டுக்கல்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் சாப்பிட்ட குளோனாசிபாமை ஒரே நாளில் விட்டால் தூக்கம் போகும், கை நடுங்கும், படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். எஸ்சிடலோபிராமைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. இதைப் பார்க்கும் வீட்டார் பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோய் அதே மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். மாத்திரை இல்லாமல் அம்மாவால் இருக்கவே முடியாது என்ற முடிவும் அந்த வீட்டில் உறுதியாகிவிடுகிறது. மருத்துவர் மேற்பார்வையில், பல வாரங்கள் அல்லது பல மாதங்கள் எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குறைப்பதற்கு அந்தச் சேர்க்கை மாத்திரையே ஒரு தடை. மன அழுத்த மருந்தான எஸ்சிடலோபிராம் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பதற்றம் அடங்கவும் தூக்கம் வரவும் குளோனாசிபாமைத் துணைக்குக் கொடுப்பது உண்டு. இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் துணை மருந்தை விலக்கிவிட வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்துவிட்டால் எப்படி விலக்குவது? பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். எனவே மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தருவீர்களா?" என்பதுதான். அடுத்து, "அம்மாவுக்கு நீங்கள் கண்டறிந்த நோய் என்ன, இந்த மருந்து எதுவரை?" என்று கேளுங்கள். கணவரை இழந்தவர் தூங்காமல் அழுவது துக்கம். எல்லாத் துக்கத்துக்கும் மாத்திரை வேண்டியதில்லை. அது மன அழுத்த நோயாக மாறியிருந்தால் சிகிச்சை கட்டாயம் வேண்டும். அம்மாவுக்கு இருந்தது எது என்று ஐந்து ஆண்டுகளில் யாராவது உட்கார்ந்து விசாரித்தார்களா என்பதுதான் என் கவலை. 68 வயதில் குளோனாசிபாம் வகைத் தூக்க மருந்து நினைவை மந்தமாக்கும், இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறி விழச் செய்யும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்களின் மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தால், அதில் இந்த வகை மருந்து இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

பையோடு வந்த அந்த நால்வர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள். டாக்டர் அவர்களுக்காகத்தான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் மனதில் இருந்ததை நான் அறியேன். இடமில்லாத ஓ.பி., ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம், அழுதுகொண்டே எதிரில் ஒரு பெண்மணி, மேசைமேல் அன்று காலை வைத்துவிட்டுப் போன சாம்பிள் அட்டை. கை அந்த அட்டையின் பெயரை எழுதுவதற்கு லஞ்சம் தேவையில்லை.

என் மகனுக்கு வயது 15. மன அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான மன அழுத்த மருந்தெல்லாம் கம்பெனிகளின் மோசடி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
ஒரு தந்தை, வேலூர்

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அதை முழுதாகச் சொல்கிறேன்.

பராக்செட்டின் என்றொரு மருந்து, அமெரிக்காவில் பாக்சில் என்ற பெயரில் விற்றது. 1990களில் ஸ்மித்கிளைன் பீச்சம் கம்பெனி இதை 275 வளரிளம் பருவத்தினரை வைத்து ஆராய்ந்தது. அந்த ஆய்வுக்கு 329 என்று எண். கம்பெனி முன்கூட்டியே வகுத்துக்கொண்ட முதன்மை அளவுகோல்களில் இந்த மருந்து, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதாக நிற்கவில்லை. பலனில்லை என்று எழுதுவது வணிகரீதியில் ஏற்கத்தக்கதல்ல என்று 1998இல் கம்பெனியின் உள் குறிப்பொன்று சொன்னது. 2001இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவத்தின் முதன்மையான இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. இந்த மருந்து பலனளிக்கிறது, பொதுவாகப் பிள்ளைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்றது அது. தலைப்பின் கீழே பேராசிரியர்கள் உட்பட 22 பேரின் பெயர்கள். முதல் வரைவை எழுதியது கம்பெனி கூலி கொடுத்து அமர்த்திய எழுத்தாளர். தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் "உணர்ச்சி நிலையின்மை" என்ற தலைப்பின் கீழ் போயின. அந்தக் கட்டுரையின் நகல் விற்பனைப் பிரதிநிதிகளின் கைக்குப் போயிற்று, அங்கிருந்து மருத்துவர்களின் மேசைக்கு.

2003இல் பிரிட்டன், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் மன அழுத்தத்துக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றது. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மன அழுத்த மருந்துகள் அனைத்திலும் பிள்ளைகளின் தற்கொலை எண்ணம் குறித்த கடுமையான எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட உத்தரவிட்டது. 2012இல், கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனி, பாக்சில் உள்ளிட்ட பல மருந்துகள் தொடர்பான குற்றச்சாட்டுகளைத் தீர்க்க அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்டியது. 2015இல் வேறொரு குழு மூலத் தரவுகளை வாங்கி மறுபடி அலசி, மருந்து பலனளிக்கவில்லை, தீங்கு கூடியது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 14 ஆண்டுகள். அதை நம்பி மாத்திரை எழுதிய நல்ல மருத்துவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவர்கள் படித்ததே பொய்யாக இருந்தால் அவர்களால் என்ன செய்திருக்க முடியும்?

இனி, செய்தியில் விடுபட்ட பாதி. ஃபுளூவாக்செட்டின் என்ற மருந்து பிள்ளைகளின் மிதமான, கடுமையான மன அழுத்தத்தில் உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஒரு மருந்தின் பொய்யை வைத்து எல்லா மருந்தையும் குப்பையில் போட்டால், உண்மையிலேயே நோயுற்ற பிள்ளை கைவிடப்படுவான். 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அதை நான் மறக்க முடியாது.

உங்கள் மகனுக்கு எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. பெயரைப் பாருங்கள். இந்த வயதில் ஏன் இது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தோடு உளவியல் ஆலோசனையும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். தொடங்கிய முதல் வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் அவன் அருகிலேயே இருங்கள். இருப்புக்கொள்ளாமல் நடப்பது, திடீர்க் கோபம், சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

டாக்டர் அம்மா, நான் மனநல மருத்துவம் முதுநிலை படிக்கிறேன். ஒரு பேனாவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு டாக்டர் விலை போவார் என்பது எங்களை இழிவுபடுத்துவதாகத் தோன்றுகிறது. நான் நிச்சயம் மாற மாட்டேன்.
ஒரு மாணவி, சென்னை

மகளே, உன் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை போகிறோம் என்று தெரிந்து விலை போகிறவர்கள் சிலர்தான். தெரியாமல் சாய்கிறவர்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

அமெரிக்காவில், எந்தக் கம்பெனி எந்த மருத்துவருக்கு என்ன கொடுத்தது என்பதை வெளியிடச் சட்டம் இருக்கிறது. 2014 முதல் அந்த விவரம் இணையத்தில் இருக்கிறது, நோயாளியே பெயரை அடித்துப் பார்க்கலாம். அந்தத் தரவை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 2.8 லட்சம் மருத்துவர்கள், நான்கு பிராண்டு மருந்துகள், அவற்றில் ஒன்று டெஸ்வென்லாஃபாக்சின் என்ற மன அழுத்த மருந்து. கொடுக்கப்பட்டவற்றில் 95 விழுக்காடு சாப்பாடுதான், சராசரியாக 20 டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு சாப்பாடு பெற்றவர்கள்கூட அந்த பிராண்டை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக் கூட எழுதுவதும் கூடியிருந்தது. ஏற்கெனவே அந்த மருந்தை விரும்பியவர்கள்தான் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நீ வாதிடலாம். அந்த ஆய்வு காட்டியது தொடர்பை மட்டுமே, உன் வாதத்துக்கு அதில் இடமுண்டு. ஆனால் பலனில்லாத செலவைக் கம்பெனி வருடக்கணக்கில் செய்யுமா?

உனக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ எழுதும் ஒவ்வொரு சீட்டும் எண்ணப்படுகிறது. பிரதிநிதி உன் அறையில் இரண்டு நிமிடம் நிற்பார். விஷுவல் எய்ட் என்ற பளபளப்பான விளம்பரப் படப் புத்தகத்தைப் புரட்டி, பிராண்டு பெயரை மூன்று முறை சொல்லுவார். மாலையில் உன் கிளினிக்குக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் நின்று, இந்த டாக்டர் எந்த பிராண்டை எத்தனை அட்டை எழுதுகிறார் என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவர்கள் இதை ஆர்.சி.பி.ஏ. என்கிறார்கள், தினசரி வேலையில் ஒரு பகுதி. அடுத்த மாதம் வந்து, "மேடம், எங்களை மறந்துவிட்டீர்களே" என்று மிக மென்மையாகக் கேட்பார். அவர் மரியாதையானவர், வெயிலில் நின்றவர், உன் குழந்தையின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பவர். அவர் முகம் வாடுவதைத் தாங்க முடியாமல் பேனா ஓடுகிறது. மனதைப் படித்த நமக்கே இது புரியாவிட்டால் யாருக்குப் புரியும்?

பேனா மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதே. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்து ஒரு சத்து மாத்திரை, மனநல மருந்து அல்ல. மருத்துவர்களுக்குக் கொடுத்த பட்டியலில் தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி இருந்தன. அதற்குச் செய்த செலவை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளக் கம்பெனி கேட்டது. முடியாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படி. மருந்தின் விலையில் ஏறி, நோயாளியின் தலையில் விடிகிற செலவு அது.

டீன்சிட் என்ற மாத்திரையை முன்பு எல்லா டாக்டர்களும் எழுதினார்கள். திடீரென்று தடை என்றார்கள். ஏன்?
ஆர்.எம்., காரைக்குடி

ஃபுளூபென்டிக்ஸால், மெலிட்ராசன் என்ற இரண்டு மருந்துகளின் கலவை அது. தயாரித்த கம்பெனி டென்மார்க்கில் இருந்தது. அந்த நாட்டிலேயே அதற்கு அனுமதி இல்லை. வயிற்றெரிச்சலுக்கும் படபடப்புக்கும்கூட இங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை இதைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் முறையையே அந்த அறிக்கை அலசியது. சில மருந்துகளுக்கு ஆதரவாக வெவ்வேறு ஊர் நிபுணர்கள் அனுப்பிய பரிந்துரைக் கடிதங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன என்றும், எழுதியது கம்பெனிகளின் கண்ணுக்குத் தெரியாத கை என்றும் சொன்னது. 2013 ஜூனில் அரசு இந்த மாத்திரையின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தியது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது.

நான் பதினைந்து வருடங்களாக மெடிக்கல் ரெப். உங்கள் பதில்களைப் படித்தால் நாங்கள்தான் குற்றவாளிகள் என்று தோன்றுகிறது. டார்கெட் முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியுமா?
ஒரு பிரதிநிதி, சேலம்

தெரியும். உங்களைக் குற்றவாளி என்று நான் எண்ணியதில்லை. சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டு, ஓ.பி. முடியும்வரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்த எத்தனையோ இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர்களுக்கு இலவசம் கொடுப்பதைத் தடுக்கத் தண்டனையோடு கூடிய சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனதே உங்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்புதான். மருத்துவர் சங்கங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது.

2024 மார்ச்சில் மத்திய அரசு புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. மருத்துவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பரிசு கூடாது. வெளிநாட்டில் மாநாடு நடத்தக் கூடாது. ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு சாம்பிள் பொட்டலங்களுக்கு மேல் கூடாது. நல்ல விதிகள். ஆனால் மீறினால் புகார் போவது கம்பெனிகளின் சங்கத்தில் அமைந்த நெறிமுறைக் குழுவுக்கு. மருத்துவரின் பெயரை அடித்து, அவர் யாரிடம் என்ன வாங்கினார் என்று உங்கள் அம்மாவோ என் நோயாளியோ பார்க்கும்படியான பதிவேடு நம் நாட்டில் இன்னும் இல்லை. சங்கக் கூட்டத்தில் பேச வாய்ப்பு வந்தால் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். மருத்துவர்கள் தரப்பிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.